பலகையின் மேல் உங்கள் அக்கா

மலையில் பாலம் கட்டிக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு, கீழே மாடு கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

நானும் சின்னவளும் நலம். நெட்டச்சி நலம், அவள் கன்றும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே படிக்கும்போது நீங்கள் பயந்துபோய்ப் பாதிக் கடிதத்தில் எழுந்து சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறப் போகிறீர்கள். வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் உங்களிடம் எதையாவது முழுசாகச் சொல்லி முடிக்க முடிகிறதா? பாதி வார்த்தையைச் சிக்னல் தின்றுவிடுகிறது, மீதிப் பாதிக்குள் நீங்கள் ஒரு ஜோக் அடித்துவிடுகிறீர்கள். நானும் சிரித்துவிடுகிறேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டது தெரிகிறது. கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. சாமான் லாரி டிரைவரிடம் கொடுத்தால் முகாமுக்கே வந்து சேர்ந்துவிடும் என்று உங்கள் சித்தப்பா வீட்டுத் தம்பி சொன்னார்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா, ஓட்டைப் பல்லை அவருக்குக் காட்ட முடியாதா என்று கவலைப்படுகிறாள். சமையலறைக் குழாய்க்கு நானே வாஷர் மாற்றிவிட்டேன். நீங்கள் போன தடவை மாற்றியதைப் போல் இல்லை, சொட்டாமல் இருக்கிறது. கொட்டகையின் பின்பக்கத் தகரம் காற்றில் தடதடக்கிறது. அதை மட்டும் உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

இனி நெட்டச்சி விஷயம்.

போன வாரம் அவளுக்கு மடி இறங்கி, காம்பெல்லாம் பளபளவென்று ஆகியிருந்தது. இன்றோ நாளையோ என்று நான் வைக்கோலெல்லாம் பரப்பித் தயாராக இருந்தேன். சாயங்காலம் தீனியைத் தொடவில்லை. படுப்பாள், எழுவாள், பின்னங்காலால் வயிற்றை உதைப்பாள், திரும்பித் தன் விலாவையே பார்ப்பாள். வலி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் விடிந்து வெகுநேரம் ஆகியும் பனிக்குடம் தலைகாட்டவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே தவிர முக்கவே இல்லை. மூன்று பிரசவம் பார்த்துவிட்டேன் அவளுக்கு, ஒரு தடவையும் இப்படி மனுஷ முகம்போல முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்ததில்லை.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். வந்ததும் வராததுமாக, காலில் கயிறு போட்டு இழுத்துவிடலாம் அண்ணி என்றார். இழுக்கக் கால் எங்கே வெளியே வந்திருக்கிறது, என் காலையா இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். மாட்டாஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பது ஒரு டாக்டரம்மா. பார்த்தால் காலேஜ் பெண் மாதிரி, ஒரு பிடி உருவம். தோள்வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டவர், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். உங்கள் தம்பி என் காதருகில் வந்து, தூங்கிட்டாங்களோ என்றார். டாக்டரம்மா கண்ணைத் திறக்காமலே, தூங்கல, தடவிப் பார்த்துட்டு இருக்கேன் என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கையை எடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கன்று உயிரோடு இருக்கிறதாம். காலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதாம். ஆனால் கருப்பை உள்ளே புரண்டு முறுக்கிக்கொண்டுவிட்டதாம். துவைத்த துணியைப் பிழிகிற மாதிரி வழி முழுக்க முறுக்கு. கன்று வரவேண்டிய வாசல் அந்த முறுக்கில் அடைபட்டுக் கிடக்கிறது. இந்த நிலையில் ஊசி போட்டு முக்க வைத்தாலும் ஆபத்து, இழுத்தாலும் ஆபத்து, கருப்பையே கிழிந்துவிடும் என்றார். முறுக்கை அவிழ்த்தால் கன்று தானாக வழிக்கு வரும். அவிழ்க்க முடியாவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் நேரமாகிக்கொண்டிருக்கிறது, ரத்த ஓட்டம் தடைபட்டுக் கிடக்கிறது, கன்றும் போய் மாடும் போகலாம் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் நெட்டச்சியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அவிழ்ப்பது எப்படி என்று கேட்டதற்கு, மாட்டை உருட்ட வேண்டும் என்றார். எனக்கு முதலில் விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று தோன்றியது. அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். உள்ளே இருக்கிற கன்றை நம்மால் திருப்ப முடியாது. அதனால் கன்றை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டு மாட்டைத் திருப்ப வேண்டும். முறுக்கு வலப்பக்கம் போயிருந்தால் மாட்டையும் வலப்பக்கமாகப் படுக்க வைத்து, அதே திசையில் உருட்ட வேண்டும். உங்கள் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. மரை கழற்றுவதென்றால் எதிர்ப்பக்கம்தானே சுற்ற வேண்டும் என்று வாதத்துக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா பொறுமையாக, உள்ள இருக்கறது முன்னாடியே சுத்திடுச்சு, இப்ப மாடு அதை எட்டிப் பிடிக்கணும் என்றார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கயிறு எடுக்கப் போய்விட்டார்.

கன்றை அசையாமல் நிறுத்துவதற்குத்தான் பலகை. மாடு படுத்ததும் அதன் விலாவுக்கும் தொடைக்கும் நடுவில் வயிற்றின்மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். அந்தக் கனம் வயிற்றுவழியாகக் கன்றை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து மெதுவாக மாட்டைப் புரட்ட வேண்டும். பால் வண்டிக்காரர் அந்த நேரம் கேன் எடுக்க வந்தார். கேன் ஏற்ற இறக்க அவர் வைத்திருக்கிற பலகையையே வாங்கினோம், அவரையும் பிடித்துப் போட்டுக்கொண்டோம். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனும் வந்துவிட்டார். கொட்டகைக்கு முன்னால் மண் மெத்தென்று இருக்கிற இடமாகப் பார்த்து நெட்டச்சியைக் கயிறு போட்டுச் சாய்த்தோம். அவள் சாயும்போது பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது.

பலகைமேல் முதலில் ஏறியது உங்கள் தம்பி. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, காற்றடித்தால் நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடு மல்லாந்தபோது பலகையும் எழும்பியது, பலகையோடு அவரும் எழும்பினார், போய்ச் சாணிக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டரம்மா உள்ளே கைவிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். முறுக்கு அப்படியே இருந்தது. கன்றும் மாட்டோடு சேர்ந்தே சுற்றிவிட்டது. சரியென்று அவரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து ஏறினார்கள். இரண்டு பேருக்கும் அடி ஒத்துப்போகவில்லை. ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் நிற்கிறார், பலகை தொடைப்பக்கம் நழுவிவிட்டது. மறுபடியும் தோல்வி. நெட்டச்சி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இன்னும் ஒரு முறைதான் பார்க்கலாம், அதற்குமேல் மாடு தாங்காது என்றார் டாக்டரம்மா. இரண்டு பேர் ஏறுவதில் பிரயோஜனம் இல்லை, ஒரே ஆளாக, ஒரே இடத்தில் அழுத்துகிற கனம் வேண்டும் என்றார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே எங்களைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஊர்க் கதை என்ன தெரியும், பாவம். 'உங்கள்ல யாரு நல்ல கனமான ஆளு?' என்று கேட்டுவிட்டார்.

நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். பால் வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் தன் செருப்பைப் பார்த்தார். ஏனென்றால் மாடு கத்திய சத்தம் கேட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு, நம் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். உங்கள் அக்கா.

கதவுக்கு வெளியில்தான் நின்றார். அந்தக் கதவைத் தாண்டி அவர் உள்ளே வந்து எத்தனை காலம் ஆகிறது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. புதுக் கொட்டகை கட்டி முடித்து, எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்ட அன்று. தீவனம் நிறுக்கிற தராசு மேடை புதிதாக வந்திருந்தது. நான் எல்லோருக்கும் டீ கொண்டுவர உள்ளே போயிருந்தேன். தட்டோடு வெளியே வந்தபோது அண்ணி அந்தத் தராசின்மேல் நிற்கிறார், நீங்கள் பக்கத்தில் நின்று ஏலம் விடுகிறவர் மாதிரி அவர் கனத்தை உரக்கக் கூவுகிறீர்கள். யானை ஏறினாலும் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னது நிஜம்தான் போல என்றீர்கள். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியும்தான் சிரித்தார், எல்லோருக்கும் முந்திக்கொண்டு. அப்புறம் அவசரமாக ஒரு துணி தைத்துக் கொடுக்க வேண்டும் என்று டீயைக் குடிக்காமல் போனார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. தெருவில் பார்த்தால் என்னை நலம் விசாரிப்பார், சின்னவளுக்கு மிச்சத் துணியில் பொம்மைச் சட்டை தைத்துக் கொடுப்பார். நம் வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மாட்டார். உங்களிடம் சொன்னபோதெல்லாம், அவளுக்குத் தையல் கடையில் வேலை அதிகம் என்றீர்கள். கடையில் அவர் எப்படி வேலை செய்கிறார் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெண்ணுக்கு அளவெடுத்தாலும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நாடாவைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார், அடுத்ததற்குப் போய்விடுவார். பக்கத்தில் நிற்கிற துணைக்கு வந்தவள்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.

அந்த அண்ணிதான் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட வாயெடுத்தாலே அது அன்றைய சிரிப்பின் மிச்சமாகிவிடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரை இழந்தது போதாதென்று நெட்டச்சியையும் இழந்தால் இழக்கிறேன், அந்த வார்த்தையை நான் கேட்க மாட்டேன் என்றே நினைத்தேன். அண்ணி செருப்பைக் கழற்றினார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். டாக்டரம்மாவிடம் போய், 'எங்க நிக்கணும்னு காட்டுங்க' என்றார்.

அண்ணி பலகையில் ஏறினார். டாக்டரம்மா இடத்தைக் காட்டினார். நானும் எலெக்ட்ரீஷியனும் ஆளுக்கொரு பக்கம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டோம். உங்கள் தம்பியும் பால் வண்டிக்காரரும் கயிற்றை இழுத்தார்கள். நெட்டச்சியின் நாலு காலும் மெல்ல மேலே எழும்பியது. அண்ணி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு, 'இருடீ, இருடீ, நான்தான்' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்தார். அவர் வீட்டில் பிறந்த கன்று அல்லவா அவள். நமக்குக் கல்யாணமான புதிதில் கயிற்றோடு என் கையில் பிடித்துக் கொடுத்தவரே அவர்தானே. குரல் கேட்டதும் நெட்டச்சி திமிறுவதை நிறுத்தினாள். பலகை இம்மியும் எழும்பவில்லை. அண்ணி நின்றது நின்றபடி இருக்க, மாடு அவருக்குக் கீழே சுற்றி மறுபக்கம் போய்ச் சாய்ந்தது.

டாக்டரம்மா மண்ணில் குப்புறப் படுத்துக் கைவிட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து தண்ணீர் குபுக்கென்று கொட்டி அவர் தோளை நனைத்தது. அவிழ்ந்துவிட்டது, அவிழ்ந்துவிட்டது என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். இவ்வளவு நேரம் டாக்டராக இருந்தவர் அந்த ஒரு நிமிஷம்தான் காலேஜ் பெண் ஆனார்.

அதற்குப் பிறகும் அவசரப்பட விடவில்லை. வழி நன்றாக விரியட்டும் என்று காக்க வைத்தார். நெட்டச்சி எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி படுத்து, இம்முறை உண்மையாகவே முக்கினாள். இரண்டு முன்னங்கால் வந்தது, மூக்கு வந்தது. டாக்டரம்மா கயிறு போட்டு, அவள் முக்குகிறபோது மட்டும் இழுக்கச் சொன்னார். மத்தியானம் சின்னவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கன்று வந்துவிட்டது. பெண் கன்று. மூச்சில்லாமல் தொங்கியது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் பரபரவென்று தேய்த்து, தேய்த்து, ஒரு தும்மல் தும்மியது பாருங்கள், எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. இன்னும் பின்னங்காலில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கிறது. சீம்பால் நன்றாகக் குடிக்கிறது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா நேற்றும் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

எல்லோருக்கும் டீ போட்டேன். அண்ணிக்குக் கால்வலி அப்போதுதான் தெரிந்தது. உட்கார இடம் தேடி, மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் அந்தத் தராசை மூடித்தான் வைத்திருக்கிறேன். தீவனத்தைப் படியால்தான் அளக்கிறேன். சாக்குக்குள் முள் ஓடி, கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அண்ணி சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, 'இது இன்னும் உசுரோடதான் இருக்கா' என்று சொல்லிச் சிரித்தார். இந்தத் தடவை அவர் சிரித்தது நிஜச் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். எழுந்திருக்கவில்லை, அதன்மேலேயே உட்கார்ந்து டீயை முழுசாகக் குடித்தார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நெட்டச்சிக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் மலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு மனம்விட்டுப் பேச ஆளே இல்லை. அண்ணி ஒருவர் இருந்திருப்பார். அந்த ஒருவரும் தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். இதை உங்களிடம் போனில் எத்தனையோ முறை சொல்ல வந்து சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணமான விஷயம். கிளம்பும்போது அண்ணி என் கையிலிருந்து அளவு நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, 'இதை அவனுக்கு எழுதாதம்மா. மாடு பிழைச்சுதுன்னு மட்டும் சொல்லு. நான் பலகைல ஏறினதைச் சொன்னா மறுபடி சிரிப்பான்' என்றார். குரலில் கோபம் இல்லை. மழை வரும், துணியை எடுத்துவை என்று சொல்வது போலச் சொன்னார்.

அவர் சிரிக்க மாட்டார் அண்ணி என்றேன். என் இடுப்பில் வளர்ந்தவனை எனக்குத் தெரியாதா என்றார். மாட்டார், சத்தியமாக மாட்டார் என்றேன். அண்ணி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நம்பவில்லை.

உங்கள் அம்மா போனபோது உங்களுக்கு நடக்கக்கூடத் தெரியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்போது அண்ணிக்கு நம் சின்னவள் வயசுதான் இருந்திருக்கும். இடுப்பைவிட்டு இறக்காமல் உங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தாராம். நீங்கள் எவ்வளவு கனத்தீர்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் கெட்ட மனுஷர் இல்லை. அது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். நாலு பேர் கூடினால் சிரிக்க வைக்காமல் உங்களால் இருக்க முடியாது, அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காகத்தான் நானும் உங்களைக் கட்டிக்கொண்டேன். ஆனால் இந்த ஒரு தடவை, இந்த ஒரு ஆளிடம், வேண்டாம். போன் பண்ணுங்கள். மாட்டைப் பற்றிக் கேளுங்கள், கால்வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், ஒன்றும் கேட்கத் தோன்றாவிட்டால் அக்கா என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அண்ணிதான் வைக்க வேண்டும் என்று சின்னவள் பிடிவாதமாக இருக்கிறாள். சாந்துக் கலவை பட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். உயரத்தில் நிற்கும்போது இடுப்புக் கயிற்றை மாட்ட மறக்காதீர்கள். எங்கே நின்றாலும் உங்கள் கால் வழுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் சத்தியம் செய்துவிட்ட,
உங்கள் வீட்டுக்காரி.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை தையல் கடை விடுமுறை. மத்தியானத்துக்குமேல் அண்ணி வீட்டில்தான் இருப்பார். எண் மாறவில்லை.